மரபணு எதற்குக் காரணம்? உமிழ்நீர்ப் பரிசோதனைச் சேவை ஒன்றின் அறிக்கை பற்றிய மதிப்புரை

உமிழ்நீரைச் சிறு குப்பியில் சேகரித்து அனுப்பினால், சில வாரங்களில் மரபணு அறிக்கையை இணையக் கணக்கில் ஏற்றித் தரும் சேவைகள் இன்று பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தி, அதன் அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்த பின் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஒரு மரபணு ஒரு பண்புக்குக் காரணம் என்று அறிக்கை கூறும்போது அது உண்மையில் எதைக் கூறுகிறது, அப்படிக் கூற ஆய்வுகள் எந்த அளவுக்கு இடந்தருகின்றன என்பதே என் அளவுகோல். வாங்குபவர் அறிக்கையை மூடி வைத்த பிறகு எண்களும் படங்களும் மறந்துவிடும். 'இது என் மரபணுவால் வந்தது' என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடும். உணவு, மருந்து, குழந்தைப்பேறு என எத்தனையோ முடிவுகள் அந்த எண்ணத்தின்மேல் எடுக்கப்படுவதால், அது சரியாக உருவாகிறதா என்று பார்ப்பது அவசியம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துகளுக்கும் உடலுக்கும் உள்ள உறவைச் சொல்லும் பக்கங்களும், தமக்கு நோயில்லாமலேயே நோய்க்கான மரபணுவைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவரா என்று தெரிவிக்கும் பக்கங்களும் வாங்கத் தகுந்தவை. உடல் எடை, உயரம், விளையாட்டுத் திறன் பற்றிய பக்கங்கள் இப்போதைய வடிவில் வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கின்றன.

ஆய்வகத் தரம் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்காமல், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் சிப் வழியாக வாசிக்கும் முறை இது. மக்களிடையே பரவலாக உள்ள டி.என்.ஏ. எழுத்து மாறுபாடுகளை இம்முறை நம்பகமாகக் கண்டறிகிறது. மிக அரிதான மாறுபாடுகளில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் பிழை அதிகம் என்பதால், அப்படி ஒரு முடிவு வந்தால் மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்துகொண்டே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். இந்த எச்சரிக்கையை அறிக்கை தடித்த எழுத்தில் முதற்பக்கத்திலேயே தருகிறது, அது பாராட்டத்தக்கது.

உடல் எடைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பக்கத்தின் மேற்பகுதியில் அரைவட்ட அளவுமானி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. பச்சையில் தொடங்கி மஞ்சளைக் கடந்து சிவப்பில் முடியும் அதன் முள், சிவப்பின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. கீழே சிறிய எழுத்தில் மாறுபாட்டின் பதிவெண் ஆர்.எஸ். 9939609, இருப்பிடம் 16-ஆம் குரோமோசோம், தாய்வழியும் தந்தைவழியும் வந்த என் இரு படிகளிலும் உள்ள எழுத்து ஏ என்ற விவரங்கள். இவற்றுக்கு நடுவில், பெரிய எழுத்தில், ஒரே வரி: 'உங்கள் எஃப்.டி.ஓ. மரபணு உங்கள் உடல் எடை கூடுவதற்குக் காரணமாகிறது.'

இந்த வரியின் பின்னால் உண்மையான கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. 2007-இல் ஐரோப்பிய வம்சாவளியினர் ஏறத்தாழ 39,000 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த மாறுபாட்டை இரு படிகளிலும் பெற்ற பெரியவர்கள், ஒரு படியிலும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை கொண்டிருந்தனர். அதன்பின் வெவ்வேறு மக்களிடம் நடந்த ஆய்வுகளும் இத்தொடர்பை உறுதிசெய்தன. ஆனால், அறிக்கையின் வரி சொல்வதும் ஆய்வு சொல்வதும் ஒன்றல்ல.

முதலாவதாக, எந்த மரபணு என்பதே அங்கே ஐயத்துக்குரியது. இந்த மாறுபாடு அமைந்திருப்பது எஃப்.டி.ஓ. மரபணுவின் எல்லைக்குள்தான், ஆனால் புரதத்தை உருவாக்கப் பயன்படாத இடைப்பகுதியில். 2014-இலும் 2015-இலும் வெளியான ஆய்வுகள், அந்த இடைப்பகுதி தொலைவில் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய வேறு மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டின. கொழுப்புச் செல்களாக முதிரவிருக்கும் செல்கள் ஆற்றலைச் சேமிப்பதா, வெப்பமாக எரிப்பதா என்பதை அந்த மரபணுக்கள் பாதிக்கின்றன. ஒரு மாறுபாடு எந்த மரபணுவின் எல்லைக்குள் கிடக்கிறது என்பதும், எந்த மரபணுவின் வழியாக வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். புள்ளிவிவரத் தொடர்பு முதற்கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. அறிக்கையோ அந்த விடையை இரண்டாம் கேள்விக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு, எஃப்.டி.ஓ.வின் பெயரையே வாசகரின் மனத்தில் பதிக்கிறது.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. 2011-இல் 2 லட்சத்து 18 ஆயிரம் பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, உடலுழைப்பு மிக்கவர்களிடம் இந்த மாறுபாட்டின் விளைவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவு என்று கண்டது. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் தலைமுறைகளாகத் தொடரும் ஆய்வில், 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் இத்தொடர்பு தென்படவே இல்லை. அதற்குப் பின் பிறந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடைக்காலத்தில் அம்மக்களின் டி.என்.ஏ. மாறிவிடவில்லை. அவர்கள் உண்டதும் உழைத்ததும் வாழ்ந்ததும் மாறின. ஆகவே 'இந்த மரபணு எடையைக் கூட்டுகிறது' என்ற வாக்கியம், எந்தச் சூழலில், யாரோடு யாரை ஒப்பிட்டு என்று சேர்த்துச் சொல்லாதவரை பாதி வாக்கியமே.

இதைக் குறை காண்பதற்காகச் சொல்லவில்லை. உயிரியலில் காரணம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இடத்தைச் சுற்றியே நடக்கிறது. 1915-இலேயே, பழ ஈக்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் இதைத் தெளிவாகக் கண்டார். சிவப்புக் கண் ஈக்கும் வெள்ளைக் கண் ஈக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரே ஒரு மரபணுவில் உள்ள வேறுபாடு போதும். ஆனால் சிவப்பு நிறம் உருவாவதற்குப் பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து செயல்பட வேண்டும். ஒரு பண்பில் வேறுபாட்டை ஏற்படுத்துவது என்பது ஒன்று. அந்தப் பண்பை உருவாக்குவது என்பது வேறொன்று. 2007-இல் மெய்யியலாளர் கென்னத் வாட்டர்ஸ் இதையே கூர்மைப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகைக்குள் உண்மையில் வேறுபட்டு, அதன் வழியே விளைவிலும் வேறுபாட்டை ஏற்படுத்தும் காரணத்தை, வெறுமனே வேறுபாட்டை ஏற்படுத்தக்கூடிய காரணங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்.

இந்தப் பிரிவினையின் முழுப் பொருளையும் உணர இரண்டு நோய்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். பினைல்கீட்டோனூரியா 1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியார்ன் ஃபோலிங் கண்டறிந்த நோய். உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனைனை உடலில் மாற்றித்தரும் நொதிக்கான மரபணு இரு படிகளிலும் பழுதானால், அப்பொருள் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. இதை மரபணு நோய் என்று அழைக்க யாரும் தயங்குவதில்லை. ஆனால் பிறந்த சில நாள்களிலேயே கண்டறிந்து, பினைல்அலனைன் மிகக் குறைந்த உணவை அளித்தால், குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது. பழுதான மரபணு அப்படியே இருக்கிறது. பாதிப்பு மட்டும் தடுக்கப்படுகிறது.

இப்போது ஸ்கர்வியைப் பாருங்கள். வைட்டமின் சி குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசிந்து, காயங்கள் ஆறாமல் போகும் நோய். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இந்நோய் வருவதில்லை. அவை வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உருவாக்கிக்கொள்கின்றன. அந்த உருவாக்கத்தின் இறுதிப் படிக்குத் தேவையான நொதியின் மரபணு மனிதர் அனைவரிடமும் பழுதாகிக் கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் உயிரினங்களிலேயே அது செயலிழந்துவிட்டது. அதே மரபணுவை ஆய்வகத்தில் எலிகளிடம் செயலிழக்கச் செய்தால், அவற்றுக்கும் வைட்டமின் சி-யை உணவில் தர வேண்டியதாகிறது. அந்த எலிகளைப் பொறுத்தவரை ஸ்கர்வி மரபணு நோய்.

இரு நோய்களிலும் நிகழ்வது ஒரே வகையானது: பழுதான மரபணு ஒன்றும், குறிப்பிட்ட உணவு நிலை ஒன்றும் சேரும்போது நோய் வருகிறது. ஆயினும் ஒன்றை மரபணு நோய் என்கிறோம், மற்றொன்றை ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் என்கிறோம். பினைல்அலனைனை ஏறத்தாழ எல்லோரும் உண்கிறோம், மரபணுப் பழுது சிலரிடம் மட்டும் இருக்கிறது. ஆகவே அங்கே வேறுபாட்டை ஏற்படுத்துவது மரபணு. வைட்டமின் சி மரபணு எல்லோரிடமும் பழுது, உணவுக் குறை சிலரிடம் மட்டும். ஆகவே இங்கே வேறுபாட்டை ஏற்படுத்துவது உணவு. உடலுக்குள் நடக்கும் வேதியியல் இந்தப் பெயர்ப் பிரிவைத் தீர்மானிக்கவில்லை. மக்களிடையே எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அறிக்கையில் பினைல்கீட்டோனூரியாவைக் கடத்துபவரா என்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. விவரங்கள் சரியாகவே உள்ளன. ஆனால் உணவால் பாதிப்பைத் தடுக்க முடியும் என்ற செய்தி, பக்கத்தின் அடியில், விரித்துப் பார்க்க வேண்டிய பெட்டிக்குள் மறைந்து கிடக்கிறது. 'மரபணு நோய்' என்றாலே மாற்ற முடியாதது என்று அஞ்சும் இளம் பெற்றோர் கண்ணில் முதலில் பட வேண்டிய செய்தி அதுதான்.

அறிமுகப் பக்கம் இன்னொரு வகையில் என்னை உறுத்தியது. டி.என்.ஏ. என்பது உடலின் வரைபடம், உங்களை உருவாக்கிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கிறது என்று அது தொடங்குகிறது. காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்று மூன்றாகப் பிரித்து, குடத்துக்கு மண்ணும் சக்கரமும் குயவனும் என்று எடுத்துக்காட்டிய மரபு நம் தத்துவத்தில் இருக்கிறது. அந்தப் பகுப்பின்படி கேட்டால், அறிமுகப் பக்கம் டி.என்.ஏ.வைக் குயவனின் இடத்தில் அமர்த்தி, செல்லும் கருப்பையும் உணவும் வெப்பமுமாகிய மற்ற அனைத்தையும் மண்ணாகவும் சக்கரமாகவும் ஆக்கிவிடுகிறது. இதற்கு எதிராக, வளர்ச்சியில் பங்கேற்கும் எல்லாக் காரணங்களும் சமநிலையில் உள்ளவையே, மரபணுவுக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை என்று வாதிடும் மெய்யியலாளர்களும் இருக்கிறார்கள்.

நான் இந்த இரண்டாம் தரப்போடும் முழுமையாக உடன்படவில்லை. ஒரு காரணத்தைப் பல நிலைகளுக்கு மாற்றும்போது, விளைவும் அதற்கேற்ப ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறாக மாறினால், அக்காரணம் குறிதவறாமை மிக்கது என்று மெய்யியலாளர் ஜேம்ஸ் உட்வார்ட் விளக்குகிறார். வெப்பநிலையைக் கூட்டியோ குறைத்தோ புரதம் உருவாவதை நிறுத்த முடியும். ஆனால் அந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வர வேண்டும் என்பதை வெப்பநிலை கொண்டு தீர்மானிக்க முடியாது. டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்தை மாற்றினால் அதை மாற்ற முடியும். அந்த அளவில் டி.என்.ஏ.வின் இடம் சிறப்பானதே. ஆனால் அந்தச் சிறப்பு டி.என்.ஏ.வுக்கு மட்டும் உரியதும் அல்ல. பழ ஈயின் டிஸ்காம் என்ற ஒரே மரபணுவின் படியெடுப்பை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டுவதன் மூலம் 38,016 வகைப் புரதங்கள் வரை உருவாக வாய்ப்புண்டு. அவற்றுள் எது உருவாக வேண்டும் என்பதை அந்த மரபணு தனித்து முடிவுசெய்வதில்லை, செல்லில் உள்ள பிற மூலக்கூறுகளும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. மேலும், இச்சிறப்பு புரதத்தின் வரிசையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து உடல் எடைக்கோ, ஓட்ட வேகத்துக்கோ, மனப்போக்குக்கோ செல்லும் நெடுவழியில் வேறு எத்தனையோ காரணங்கள் வந்து கலக்கின்றன. புரதத்தின் அளவில் நியாயமான ஒரு கூற்றை முழு மனிதருக்கும் நீட்டிவிடுவதே அறிமுகப் பக்கத்தின் பிழை.

உயரம் பற்றிய பக்கம் இந்த அறிக்கையிலேயே மிகவும் பலவீனமானது. உயரத்தின் மரபுவழித்தன்மை 80 விழுக்காடு என்று அச்சிட்டு, அதன் கீழே 'உங்கள் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மரபணுக்களால் அமைந்தது' என்று பொருள் சொல்கிறது. எண் ஏற்கத்தக்கது, பொருள் முற்றிலும் தவறு. மரபுவழித்தன்மை என்பது ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், குறிப்பிட்ட சூழலில், மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதற்கான விகிதம். ஒரு தனிமனிதரின் உயரத்தை மரபணுப் பங்கு, உணவுப் பங்கு என்று கூறுபோட அதனால் இயலாது. 1974-இலேயே மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின், வேறுபாட்டின் அளவைப் பகுப்பதும் காரணங்களைப் பகுப்பதும் ஒன்றல்ல என்று விரிவாக எழுதினார்.

மனிதக் கையில் ஐந்து விரல்கள் உருவாவதில் மரபணுக்களின் பங்கு இன்றியமையாதது. ஆயினும் விரல்களின் எண்ணிக்கையில் நாம் காணும் வேறுபாடுகளில் கணிசமானவை விபத்துகளால் வருபவை. ஆகவே அதன் மரபுவழித்தன்மை குறைவாகவே இருக்கும். மறுபுறம், உயரம் போல மரபுவழித்தன்மை மிகுந்த பண்பும் சூழலால் பெரிதும் மாறக்கூடும். 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், பெரியவர்களாகும்போது எட்டிய சராசரி உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறாண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறிவிடுவதில்லை.

இதே பக்கம் பல்லாயிரம் மாறுபாடுகளைக் கூட்டிக் கணித்த மதிப்பெண் ஒன்றையும் தருகிறது. 2022-இல் வெளியான, 54 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்ட ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மாறுபாடுகளை அடையாளம் கண்டது. அவை ஐரோப்பிய வம்சாவளியினரிடையே உள்ள உயர வேறுபாட்டில் 40 விழுக்காட்டை விளக்கின; மற்ற வம்சாவளியினரிடையே 10 முதல் 20 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. அறிக்கை தன் மதிப்பெண்ணுக்கு எந்த மக்களின் தரவு அடிப்படை என்பதைக் குறிப்பிடவில்லை. ஐரோப்பியர் அல்லாத வாசகருக்கு இதைவிட முக்கியமான விவரம் அந்தப் பக்கத்தில் வேறு இருக்க முடியாது.

விளையாட்டுத் திறன் பக்கமும் எடைப் பக்கத்தின் அச்சில் வார்க்கப்பட்டதே என்பதால் அதைக் கடந்து செல்கிறேன்.

மருந்துப் பக்கங்களுக்கு வந்தபோது வேறு யாரோ எழுதியவை போலத் தோன்றின. இரத்தம் உறைந்து குழாய் அடைபடாமல் தடுக்கத் தரும் குளோபிடோகிரெல் மருந்து, உடலுக்குள் சென்றபின் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யத் தொடங்கும். அறிக்கையின் வாசகம் இது: 'இம்மருந்தை உட்கொள்பவர்களில், இம்மரபணுவின் இரு படிகளும் செயலிழந்தவர்களுக்கு, இரு படிகளும் செயல்படுபவர்களைவிட மருந்தின் செயல்படும் வடிவம் குறைவாகவே உருவாகிறது, உங்கள் மருத்துவர் மாற்று மருந்தைப் பரிசீலிக்கலாம்.' யாரிடையே, யாரோடு ஒப்பிட்டு, எந்த வழியாக, எதை மாற்றினால் என்ன மாறும் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. காரணம் என்று ஒன்றைச் சொன்னால், அதில் தலையிட்டு மாற்றும்போது விளைவும் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இது நேர்மையாக நிறைவேற்றுகிறது.

சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் நொதியான ஜி.6.பி.டி.யின் குறைபாடு பற்றிய பக்கமும் அப்படியே. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேரிடம் இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானோர் வாழ்நாளில் பெருமளவு நலமாகவே இருக்கிறார்கள். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் போன்ற மருந்தோ, ஃபாவா அவரையோ உடலுக்குள் சென்றாலோ, தொற்று ஏற்பட்டாலோதான் பெரும்பாலும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. அறிக்கை இங்கே மரபணுவையும் மருந்தையும் அவரையையும் ஒரே பட்டியலில் வைத்து, இவை சேரும்போதே தீங்கு என்று எழுதியிருக்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த நிறுவனம் எடைப் பக்கத்தை ஏன் அப்படி எழுதியது என்ற வருத்தம் இதைப் படித்தபோது எனக்கு மிகுந்தது.

சேவையோடு மரபணு ஆலோசகருடன் தொலைபேசியில் பேசும் வாய்ப்பும் உண்டு. 'இந்த எஃப்.டி.ஓ. மாறுபாடு இல்லாதிருந்தால் என் எடை 3 கிலோ குறைந்திருக்குமா?' என்று கேட்டேன். ஆலோசகர் தயங்காமல் விடை சொன்னார்: 'அப்படிச் சொல்ல முடியாதுங்க. அந்த 3 கிலோ இரண்டு கூட்டங்களோட சராசரிக்கு நடுவில இருக்கிற வித்தியாசம். உங்க ஒருத்தர் உடம்புல இது எவ்வளவு செஞ்சிருக்கு, ஒண்ணுமே செய்யலையான்னு எங்களால பிரிச்சுப் பார்க்க வழியில்லை.' பொதுவாக ஒரு வகைக் காரணம் ஒரு வகை விளைவைத் தருகிறது என்பதிலிருந்து, இந்த மனிதரிடம் இந்த விளைவை இந்தக் காரணமே தந்தது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது என்பதை இதைவிட எளிமையாக நான் எங்கும் கேட்டதில்லை. மூளையின் நரம்புச் செல்களைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயில் இந்தத் தாவல் நியாயமானது. குறிப்பிட்ட மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூவெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால், வழக்கமான ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் வந்தே தீரும் என்று கூறலாம். உடல் எடையில் அதற்கு இடமில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

இந்த விளக்கம் எடைப் பக்கத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. அதை அச்சில் சேர்க்கும்படியும், உயரப் பக்கத்தின் 'ஐந்தில் நான்கு பங்கு' என்ற வாக்கியத்தை நீக்கும்படியும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அது நடக்கும்வரை, அறிக்கையை வாங்குபவர்கள் அளவுமானிப் படங்களை நம்பி எந்த முடிவும் எடுக்காமல், ஆலோசகருடனான அழைப்பைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அழைப்புக்குப் பதிவு செய்யும் படிவத்தில் கேள்விகளை முன்கூட்டியே எழுத இடமிருக்கிறது. எந்தப் பக்கம், எந்த மாறுபாடு, அந்தக் கூற்று எந்த மக்களிடம் நடந்த ஆய்விலிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டுவிட்டால், அவர்கள் தரவுகளோடு வந்து விடை சொல்கிறார்கள்.